கீழறையின் தூசி

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் பிசிறு வெட்டியவள் அவள். தைத்து முடித்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கித் தள்ளும் வேலை. தொழிற்சாலையை மூடியபோது அவளுக்கு மிஞ்சியது பழகிய கண் மட்டும்தான். எந்த நூலையும் பருத்தியா, பாலியஸ்டரா, கம்பளியா என்று தொடாமலே சொல்லிவிடுவாள்.

அந்தக் கண்ணை நம்பித்தான் தம்பி அவளைக் குகைக்குக் கூட்டிப்போனான். அவன் அங்கே கயிற்று வழிகாட்டி. மலையின் வயிற்றுக்குள் மூன்று செங்குத்துப் பள்ளங்கள். சாகசம் தேடி வருகிறவர்களைக் கயிற்றில் கட்டி இறக்கி, சாயங்காலத்துக்குள் மேலே ஏற்றிவிடுவான்.

"வர்றவங்க உடம்புலேருந்து தூசி கொட்டிக்கிட்டே இருக்குக்கா. முடி, நூலு, தோலு. கல்லெல்லாம் கறுத்துப் போகுது. சுத்தம் பண்ண ஆள் வேணுமாம்."

"வீட்டைப் பெருக்கவே எனக்கு உடம்பு வளையாது. மலையைப் பெருக்கச் சொல்றியா?"

சொன்னாளே தவிர, போனாள். துடைப்பத்துக்கு அங்கே வேலையில்லை. கூரையிலிருந்து தொங்கிய கல்விழுதுகள், சொட்டுச் சொட்டாக நீர் வடிந்து ஆயிரமாயிரம் வருஷத்தில் வளர்ந்தவை. அவற்றில் படிந்ததை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, உறையில் போட்டுத் தேதி எழுத வேண்டும். ஒரே மாசத்தில் அவள் எல்லாருக்கும் தூசியக்கா ஆகிவிட்டாள். தம்பிகூட மற்றவர்கள் முன்னால் அப்படித்தான் கூப்பிட்டான்.

இரண்டாம் வருஷம், மூன்றாவது பள்ளத்துக்கும் கீழே இருந்த அறையைத் திறப்பதென்று குகையை நடத்தும் நிறுவனம் முடிவு செய்தது. மனிதக் கால் படாத இடம் என்று விளம்பரம் போட்டார்கள். நடைபாதைக்கு நாடா கட்டுவதற்காக முதலில் இறங்கியவர்கள் அக்காவும் தம்பியும்தான்.

அங்கே ஒரு குளம் இருந்தது. நீர் இருப்பதே தெரியவில்லை. அடியில் கிடந்த வெள்ளைக் கல்லைத் தொடலாமென்று கையை நீட்டியவளுக்கு, விரல் நனைந்த பிறகுதான் தெரிந்தது. கல்லுக்குப் பக்கத்தில் நகத்தளவு இறால்கள் ஊர்ந்தன. உடம்பு கண்ணாடி மாதிரி. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"லைட்டை அணைடா."

இருவரும் தலைவிளக்கை அணைத்தார்கள். இருட்டு வந்து கன்னத்தில் உட்கார்ந்தது. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அவளுக்குப் புரியவில்லை. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு விழுவதற்குள், தன் உடம்பின் ஓரம் எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்பதே மறந்துபோனது. நீருக்குள் நடக்கும் அந்தச் சின்னக் கால்கள் தன் உள்ளங்கையில் நடப்பதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை.

அறை திறந்ததும் முதலில் நாளைக்கு எட்டுப் பேர் வந்தார்கள். பிறகு இருபது, நாற்பது. படம் எடுக்க வசதியாகச் சுவரில் நிரந்தர விளக்குகள் வைத்தார்கள். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஈரக்கல்லில் பச்சையாகப் பாசி படர்ந்தது. தேய்த்தால் போகும், பத்து நாளில் திரும்ப வரும். ஒருநாள் ஒருவர் வியர்வை தாங்காமல் குளத்தில் இறங்கிக் குளித்துவிட்டார். மறுநாள் காலை நீரின் மேல், அவர் பூசியிருந்த களிம்பு வானவில் நிறத்தில் மிதந்தது. அதற்குப் பிறகு இறால்கள் கண்ணில் படவில்லை.

அவள் இன்னும் கவனமாகச் சுத்தம் செய்தாள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட ஏறாமல் சாமணமும் கையுமாக இருந்தாள். அப்படி ஒருநாள் குளக்கரையில் எடுத்த நூலை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ஊதா. கம்பளியும் நைலானும் கலந்தது. அவள் போட்டிருந்த ஸ்வெட்டரின் நூல்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் ஒருமுறை வந்து போகிறவர்கள், வழிகாட்டிகள் முறை வைத்து வருகிறவர்கள்; வாரத்தில் ஆறுநாளும் அந்த அறையிலேயே கிடக்கும் ஒரே ஆள் அவள்தான்.

மறுநாள் மேனேஜர் மேஜையில் உறைகளைப் பரப்பினாள்.

"வேலை அதிகமாயிடுச்சுன்னு புரியுதும்மா. கூட ரெண்டு பேர் போட்டுத் தரேன்" என்றார் மேனேஜர்.

"ரெண்டு பேர் வந்தா ரெண்டு பேர் தூசியும் சேரும் சார். கீழறையை மூடுங்க. நானும் போகக் கூடாது."

மேனேஜர் சிரித்துவிட்டார். விஷயம் தம்பி காதுக்குப் போனது. அவன் சிரிக்கவில்லை.

"வேலை வாங்கிக் குடுத்தவன் பொழப்புலயே மண்ணள்ளிப் போடுறியா? எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு, தெரியும்ல?"

"தெரியும். திங்கக்கிழமை லீவுதானே? ஒரு தடவை என்கூட இறங்கு. அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

முணுமுணுத்துக்கொண்டே வந்தான். கீழறையில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு அவனைக் கல்லில் உட்கார வைத்தாள். சொட்டு விழும் சத்தம் கேட்டது. முன்பு போலவே இருட்டு. ஆனால் இந்த இருட்டில் வியர்வையும் சோப்பும் மணத்தன. காற்று கதகதவென்று கனத்துக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"என்னமோ மூச்சு முட்டுதுக்கா."

"நேத்து வந்த நாப்பது பேர் விட்ட மூச்சு. வெளியே போக வழியில்ல. இன்னும் இங்கதான் சுத்திக்கிட்டிருக்கு."

அவன் எழுந்து கயிற்றைப் பிடித்தான். மேலே வந்து வெயிலில் நின்று நீளமாக ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டான்.

வருஷாந்திரச் சோதனைக்கு அரசாங்க அதிகாரி வந்தபோது மேனேஜர் வாசலில் புதுப்பித்த படிகளைக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவே புகுந்தவன் தம்பிதான். "மேடம், கீழே வந்து அஞ்சு நிமிஷம் உக்காந்து பாருங்க" என்றான். அந்த அம்மா இறங்கினார். காற்றை அளந்தார், நீரைக் குப்பியில் எடுத்தார், உறைகளைத் தேதிவாரியாகப் பார்த்தார். நான்கு மாதம் கழித்துக் கீழறைக்குக் கம்பிக் கதவு வந்தது.

எல்லாருக்கும் அது சந்தோஷமாக இல்லை. வழிகாட்டிகளில் மூன்று பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். அவர்களில் ஒருவர் தெருவில் பார்த்தால் இன்றும் அவளிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தம்பி மேல் பள்ளங்களில் மட்டும் ஆட்களை இறக்குகிறான், முன்பைவிடக் குறைவாக. அவள் குகை வாசலில் நிற்கிறாள். உள்ளே போகிறவர்களின் உடையை ஊதுகுழாயால் ஊதி, பிரஷ்ஷால் தட்டி, காலணியைக் கழுவவைத்து அனுப்புகிறாள். கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற மாதிரி வரவேற்பு என்று கிண்டல் செய்பவர்களிடம், "உள்ளே இருக்கறவங்க பெரிய இடம்" என்பாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அதிகாரி ஒருமுறை தனியாகக் கதவைத் திறந்து போய்வந்தார். அவள் வாசலிலேயே காத்திருந்தாள்.

"தண்ணி தெளிஞ்சிருக்கு. பாசி காய்ஞ்சிடுச்சு."

"இறாலு?"

"எனக்குத் தெரியலம்மா. ரொம்ப நேரம் லைட் போட மனசு வரல."

அவள் தலையாட்டினாள். அன்று மதியம் கயிற்றுக் கொட்டகையில் தம்பியோடு சாப்பிட உட்கார்ந்தாள். பாதிச் சாப்பாட்டில், உள்ளங்கையில் சின்னக் கால்கள் நடந்ததுபோல, கையை அப்படியே நிறுத்திக்கொண்டு எங்கோ பார்த்தபடி இருந்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிடு."