இளகக் கூடாத ஈயம்

எலெக்‌ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சோழபுரம் தோட்டத்தில் பன்றி விரட்டும் எங்கள் இரட்டைக்குழல் துப்பாக்கியில், இருட்டிலும் குறி தெரியட்டும் என்று என் வீட்டுக்காரர் பித்தளைக் குமிழ் ஒன்றை ஈயம் வைத்து ஒட்டியிருந்தார். அனுமதி வாங்காமல் வைத்ததை ஏட்டையா கேட்டால் என்ன சொல்வது? முந்தின நாளே அதை எடுக்க உட்கார்ந்தோம்.

இரண்டு குழல்களையும் சேர்த்துப் பிடித்திருப்பதும் ஈயம்தான். "அம்புட்டும் இளகிப்போச்சுன்னா?" என்றேன்.

"ஏட்டி, சூடு பரவாம குழல்ல ஈரத்துணிய இறுக்கிப் பிடி" என்று எரிந்து விழுந்தார்.

காய்ச்சிய இரும்பைக் குமிழில் வைத்ததும் துணி சீறியது. குமிழ் நழுவி விழுந்தது. குழலைத் தொங்கவிட்டுச் சுண்டினார். ஒட்டு விட்டிருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும், கணீரென்றது. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் ஏட்டையா துப்பாக்கியைச் சாக்கோடு வாங்கி மூலையில் சாத்தினார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, பாவி மனுஷன்.