பாக்கார் ஆராங் வீட்டில் இராப்போஜனம்

எங்கள் அப்பா ஜெபிக்க ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், சுங்கை பட்டாணியில் எங்கள் தமிழ்ச் சபையின் மூப்பர். பண்டார் பாருவில் இருக்கும் தூரத்து உறவுக்காரரின் முழங்கால் வலி வரைக்கும் கர்த்தரிடம் ஒன்று விடாமல் ஒப்பிப்பார். எல்லாம் சொந்த வார்த்தை. மனப்பாடம் பண்ணிச் சொல்வது ஜெபமே இல்லை என்பது அவர் கட்சி. இரவுச் சாப்பாட்டுக்கு முன் வீட்டில் ஒவ்வொருவரும் முறை வைத்து ஜெபிக்க வேண்டும். நானும் சின்ன வயதிலிருந்து வாய் வலிக்க ஜெபித்தவள்தான்.

என் கணவர் இறந்த பிறகு அது நின்றுபோனது. அதே ஊரில் பாக்கார் ஆராங் பகுதியில் இருக்கும் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்திருந்தேன். என் முறை வரும், வாயைத் திறப்பேன், ஒன்றும் வராது. அப்பா கண்ணை மூடியபடியே காத்திருப்பார். தம்பி தொண்டையைச் செருமுவான். அவன் மனைவி எனக்கும் சேர்த்து ஒரு ஆமென் சொல்லி முடித்துவைப்பாள். சபைப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மனதைத் திறந்து கர்த்தரிடம் பேசச் சொல்வார்கள். திறந்து பார்த்தவளுக்குத்தானே உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும்! எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

பேக்டரியில் என்னோடு வேலை செய்த அக்கா ஒருவர் கத்தோலிக்கர். ஒரு நாள் வேலை முடிந்ததும் கார் கதவைத் திறந்துவைத்து என்னைத் தன் கோயிலுக்குக் கூப்பிட்டார்.

"அங்க யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க லா. காடில ஏறு. சும்மா வந்து உக்காரு."

உள்ளே சில பேர் மண்டியிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே வார்த்தைகள், திரும்பத் திரும்ப. அப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். எனக்கோ, மாதக்கணக்கில் மூடிக் கிடந்த வாய் அவர்களோடு சேர்ந்து முணுமுணுக்கத் தொடங்கியது. யாரோ எப்போதோ சொல்லிவைத்த வார்த்தைகள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் அதுவே கொண்டுபோவது மாதிரி என்னைக் கொண்டுபோயின. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதேன்.

அதன் பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. கத்தோலிக்க மதத்தில் சேருவதற்கான வகுப்பிலும் உட்கார்ந்தேன். அப்பாவிடம் சொன்ன அன்று அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நம்ம சபையில குடுத்த ஞானஸ்நானம் அவங்களுக்குப் போதலயாமா?"

"போதும்ப்பா. மறுபடி தண்ணி ஊத்த மாட்டாங்க. அதையேதான் ஏத்துக்கிறாங்க."

"அப்ப எதுக்கும்மா போற?"

சொல்லத்தான் நினைத்தேன். கர்த்தரிடம் வராத வார்த்தை அப்பாவிடமும் வரவில்லை. அன்றிலிருந்து இரவு ஜெபத்தில் என் முறை வந்தால் அவரே தாண்டிப் போய்விடுவார்.

வகுப்பு முடிந்து நான் கத்தோலிக்கராகச் சேர்ந்த பிறகும் சபையில் அவர் இதைச் சொல்லவில்லை. மூப்பர் மகளே மாதா கோயிலுக்குப் போய்விட்டாள் என்றால் அவர் எந்த முகத்தோடு முன்னால் நிற்பார்? என்னைப் பற்றி யாராவது விசாரித்தால், "அவ பேக்டரில வேலை செய்றா" என்பார். அதில் பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் போலிருக்கிறது என்று கேட்டவர்கள் தாங்களே நினைத்துக்கொண்டார்கள். பொய் சொல்லாத மனுஷன் என்று தோட்டத்திலேயே பெயர் எடுத்தவர் அவர். அவரை இப்படி அளந்து அளந்து பேச வைத்தது நான்தான்.

பிறகு அவருக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது. இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து கர்த்தருடைய இராப்போஜனம் வாங்க வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் பாஸ்டர் வந்தார். சபைக்குப் புதியவர், என் விஷயம் தெரியாதவர். கூடச் சபையார் இரண்டு பேர். சின்னப் பெட்டியைத் திறந்து அப்பத்தையும் திராட்சைச் சாற்றையும் தட்டில் எடுத்துவைத்தார். எங்கள் சபையில் எல்லோரும் வாங்கிய பிறகுதான் மூப்பர் வாங்குவார். படுக்கையில் கிடந்தும் அப்பா அதை விடவில்லை. "பிள்ளைங்களுக்கு மொத குடுங்க" என்றார்.

தம்பி வாங்கினான். அவன் மனைவி வாங்கினாள். தட்டு என்னிடம் வந்தது.

கத்தோலிக்கர் ஆனவர்கள் வேறு சபையின் இராப்போஜனத்தை வாங்கக் கூடாது என்று பாதர் வகுப்பில் சொல்லியிருந்தார். அங்கே தலையாட்டுவது சுலபமாக இருந்தது. நகத்தளவு ரொட்டித் துண்டு. எடுத்து வாயில் போட்டிருந்தால் அறையில் யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் நம்பாமல் அதைத் தொடாதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

"அக்கா?" என்றார் பாஸ்டர். சபையார் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவளுக்கு ஒடம்பு சரியில்ல பாஸ்டர்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "காலையிலேருந்து வயித்துல ஒன்னும் நிக்கல."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான். பாஸ்டர் தட்டை அவரிடம் கொண்டுபோனார். அப்பா உதட்டை மூடிக்கொண்டார். "எனக்கும் இன்னிக்கு வேணாம்." விழுங்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு பாஸ்டர் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"நீங்கதானப்பா கேட்டீங்க? ஏன் வேணான்னீங்க?"

"பொய் சொன்ன வாயில எப்படிம்மா வாங்குறது?"

"என்னப் பத்தி உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னியேம்மா." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "பாஸ்டர மறுபடி வரச் சொல்லு. இருக்கறதச் சொல்லிட்டு வாங்கிக்கிறேன்."

நான் போன் பண்ணினேன். கோலா கெடாவில் ஒரு வீட்டு ஜெபம் இருக்கிறது, முடித்துவிட்டு நாளைக்குச் சாயங்காலம் வருகிறேன் என்றார் பாஸ்டர். அப்பாவிடம் சொன்னேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. வாசலில் காடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணைத் திறந்தார். சாயங்காலம் என் கை அவர் நெஞ்சில் இருக்கும்போதே மூச்சு நின்றது. தம்பி போன் அடித்தபோது பாஸ்டர் எடுக்கவில்லை, காடி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

சொன்னபடியே வந்தார், கையில் அந்தப் பெட்டியோடு. அப்பாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

"ஒங்களுக்கு இப்ப ஒடம்பு பரவால்லயா அக்கா?"

"எனக்கு ஒன்னுமில்ல பாஸ்டர்" என்றேன். "நேத்தும் ஒன்னுமில்ல. நான் கத்தோலிக் ஆயிட்டேன். இத ஒங்ககிட்டச் சொல்லிட்டு வாங்கிக்கலாம்னுதான் அப்பா காத்துக்கிட்டு இருந்தாரு."