மதிலுக்கு உள்ளே ஒரு விசில்

வெண்கலம் என்பது பெற்றோர் வைத்த பெயரில்லை, தொண்டை வாங்கிக் கொடுத்த பெயர். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூறுவது அவர் தொழில். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்று அவர் "ஒரு தரம்" என்றால், வெளியே பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்கூட "ரெண்டு தரம்" என்று முணுமுணுப்பார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் பிழைத்தது வாயால் மட்டும்தான். கையெழுத்து சுமார், கணக்கு அதைவிடச் சுமார்.

அந்தத் தொண்டைக்குச் சரியான ஜோடி அவர் மனைவியின் விசில். அந்த அம்மாள் பஸ் கண்டக்டர். இரண்டு விரலை மடக்கி நாக்குக்கு அடியில் வைத்து ஊதினால் டிரைவரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்ததால் மூன்றாவது ஊதலில் காற்று பிசிறும். நீளமாக ஒன்று, நீளமாக இன்னொன்று, அப்புறம் அந்தப் பிசிறு. பெண்பிள்ளை விசிலடிக்கலாமா என்று மாமியார் ஒருமுறை முகத்தைச் சுளித்தபோது, "பஸ் நிக்கணுமே அத்தை, கையத் தட்டினா நிக்குமா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார்.

இரண்டு பேருக்கும் பிடித்திருந்த பைத்தியம் ஒன்றே ஒன்று: கால்பந்து. உள்ளூர் கிளப் ஆடும் ஆட்டம் எதையும் விட்டதில்லை. மைதானத்தின் கிழக்குப் பக்கம் வெறும் சிமெண்டுப் படிகள், வெயிலும் மழையும் இலவசம். அங்கே நின்றுகொண்டு வெண்கலம், "இது யாரு இடம்?" என்று ஒரு குரல் விடுவார். கிழக்குப் பக்கம் மொத்தமும், "எங்க இடம்!" என்று திருப்பிக் கொடுக்கும். அந்தச் சத்தம் அடங்கும் நேரம் பார்த்து அம்மாள் விசிலடிப்பார். மகள் முதலில் பேசிய வார்த்தை 'கோல்' என்று இருவரும் சாதிப்பார்கள். நம்புவதும் நம்பாததும் நம் இஷ்டம்.

பிறகு கிளப் கைமாறியது. படிகளின் மேல் நாற்காலி போட்டார்கள், நாற்காலிக்கு மேல் கூரை போட்டார்கள், கூரைக்கு மேல் விலையைப் போட்டார்கள். யானை விலை, குதிரை விலை. சந்தையில் விலை ஏறினால் சரக்கு நன்றாக இருக்கிறது, அல்லது குறைவாக இருக்கிறது என்று அர்த்தம். இங்கே அதே சொத்தைக் கோல்கீப்பர்தான், அதே தோல்விதான். டிக்கெட் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

விலையைக் குறைக்கச் சொல்லிச் சத்தம் போட, அந்த வருடக் கடைசி ஆட்டத்துக்கு எல்லோரையும் வெறும் சாப்பாட்டுத் தட்டு எடுத்துவரச் சொன்னது அம்மாளின் யோசனை. "இன்னைக்கு நீங்க கத்துற கத்துல மொதலாளிங்க ஒக்கார்ற கண்ணாடி ரூம் ஒடையணும்" என்றார் புருஷனிடம். கிழக்குப் பக்கம் தட்டுகளைத் தட்டியது. வெண்கலம் ஆட்டம் முடியும்வரை கத்தினார். கண்ணாடி ஒன்றும் உடையவில்லை, செவிடன் காதில் ஊதிய சங்குதான். மறு வருடம் ஒரு டிக்கெட் ஒரு மாத வீட்டு வாடகைக்கு வந்து நின்றது. கிழக்குப் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அந்த மழைக்காலத்தில் அம்மாள் மார்வலி என்று உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை.

சந்தையிலிருந்து வீட்டுக்கு வரும் குறுக்குவழி மைதானத்தின் பின்மதிலை ஒட்டிப் போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெண்கலம் அந்த வழியாக நடந்து வந்தார். உள்ளே ஆட்டம். பஞ்சர் கடை மூடியிருந்தது, ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது, வேறு ஈ காக்கை இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் கூட்டம் இரைந்து அடங்கியது. அடங்கிய இடத்தில் ஒரு விசில் வந்தது. நீளமாக ஒன்று, நீளமாக இன்னொன்று, அப்புறம் பிசிறு.

வெண்கலம் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த காய்ப் பையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. நாய் தலையைத் தூக்கி மதிலைப் பார்த்தது.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகளிடம் சொன்னபோது, பிரஷர் மாத்திரை போட்டீங்களா என்றுதான் முதலில் கேட்டாள். அடுத்த ஆட்டத்துக்கு அவளையும் மதிலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பொறுமையில்லாமல் நின்றாள். விசில் வந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"யாரோ அம்மா மாதிரியே அடிக்கிறாங்கப்பா."

"பாதிப் பல்லு ஒடஞ்ச யாரோவா?"

அவள் போனை மதில் பக்கம் நீட்டிப் பதிவு செய்தாள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் காற்றின் இரைச்சலும் ஒரு லாரியின் ஹார்னும் எல்லாவற்றையும் மூடியிருந்தன. அன்றைக்கு இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"டிக்கெட் வாங்கி உள்ள போய்ப் பாக்கப் போறேன்" என்றார் அவர்.

"ஓடு மாத்த வச்ச காசுப்பா அது. மழை வந்தா எங்க படுப்பீங்க?" என்றவள், பிறகு, "சரி, போறீங்க. அது அம்மா இல்லேன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"இருந்துட்டா?"

ஓடு மாற்ற வைத்திருந்த பணம் டிக்கெட்டாக மாறியது.

மெத்தை வைத்த நாற்காலி, கை வைக்கும் இடத்தில் கப் வைக்க ஒரு குழி. தாம் நின்று தேய்த்த படி இதற்கு அடியில் எங்கேயோ இருக்கிறது என்று வெண்கலம் காலால் தடவிப் பார்த்தார். கார்ப்பெட்தான் தட்டுப்பட்டது. சுற்றிலும் சலவைச் சட்டைகள், வாசனை. பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து கோலை நோக்கிப் போனபோது பெருங்கூட்டம் ஒன்று ஓவென்று இரைந்தது. வெண்கலம் திரும்பிப் பார்த்தார். ஒருவர் வாயும் அசையவில்லை.

முன் வரிசை, பின் வரிசை, எதிர்ப்பக்கம் எல்லாவற்றையும் பார்த்தார். உதடுகள் மூடியிருந்தன. ஒரு பெண் நிதானமாக ஸ்ட்ராவில் ஜூஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சத்தம் மட்டும் ஏறி ஏறி வந்தது. அவருக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. அப்போது அவர் தலைக்குமேல் ஒரு குரல் கேட்டது.

"இது யாரு இடம்?"

அது அவர் குரல். சந்தேகமே இல்லை, சொந்தத் தொண்டை யாருக்குத் தெரியாது? பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தபடி அவர் பக்கம் சாய்ந்தார். "பின்னாடி யாரோ செமையா கத்துறான் பாத்தீங்களா? இந்தச் சத்தத்துக்குத்தான் சார் இவ்ளோ காசு குடுத்து வர்றோம்."

வெண்கலம் பின்னால் பார்த்தார். அங்கே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"எங்க இடம்!" என்று ஆயிரக்கணக்கான பேர் பதில் சொன்னார்கள். அந்த இரைச்சலுக்குள்ளே சாப்பாட்டுத் தட்டுகள் கணகணவென்று அடிபட்டன. தட்டு கொண்டுவந்தது ஒரே ஒரு நாள்தான். பிறகு, கூரையின் அடியில் தொங்கிய கறுப்புப் பெட்டிகளில் ஒன்றிலிருந்து, விசில். நீளமாக ஒன்று, நீளமாக இன்னொன்று, பிசிறு.

இடைவேளையில் மஞ்சள் சட்டைக் காவல்காரர் ஒருவரைப் படிக்கட்டில் பிடித்து நிறுத்தினார். அந்த ஆள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்ப வர்றவங்க கத்துறதில்லைங்க. ஊசி விழுந்தா கேக்கும், டிவில பாக்க நல்லால்லன்னு பழைய கூட்டத்தோட சத்தத்தப் போடுறாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"அதுல விசிலடிக்கிறது என் பொண்டாட்டி. செத்துப் போயிட்டா. எனக்கு ஒரு காப்பி கெடைக்குமா?"

காவல்காரர் அவரைப் பாவமாகப் பார்த்தார். "அது கிளப்போட சொத்துங்க. எவ்ளோ கேக்கணுமோ இந்த வருசமே வந்து கேட்டுக்குங்க. அடுத்த வருசம் புதுச் சத்தம் போடப் போறாங்களாம், இது பழசாயிடுச்சாம்."

விலையைக் குறைக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திய கத்தல் அது. அதையே எடுத்து, அதற்கே விலை போட்டு விற்கிறார்கள். எரிகிற வீட்டில் பிடுங்குவதும் ஒரு பிழைப்பு! வெண்கலத்துக்கு ரத்தம் கொதித்தது. இந்த முறை கேள்வி வரும்போது எழுந்து நின்று பதில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு நாற்காலிக்குப் போனார். ஒருத்தன் உயிரோடு கத்தினால் போதும், மூடிய வாய்களெல்லாம் திரும்பிப் பார்க்கும். அவள் இருந்தால் இடுப்பில் குத்தி எழுப்பிவிட்டிருப்பாள்.

ஆட்டம் முடியும் நேரத்தில் கூரை கேட்டது: "இது யாரு இடம்?"

அவர் எழுந்தே விட்டார். மூச்சை இழுத்தார். மார்பு நிறைந்தது, வாய் திறந்தது. கத்தினால் அவர் காதில் அவர் குரல்தான் இருக்கும், விசில் இருக்காது. கத்துகிற ஆளை மஞ்சள் சட்டைக்காரர்கள் இரண்டு கையையும் பிடித்து வெளியே கொண்டுபோவார்கள், மறுபடி உள்ளே விடமாட்டார்கள். இதெல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். தட்டுகள் அடித்து ஓய்ந்தன. விசில் வந்தது. அவர் கண்ணை மூடிப் பிசிறு முடியும்வரை கேட்டார். அவமானமாக இருந்தது. அவ்வளவு சுகமாகவும் இருந்தது. கண்ணைத் திறந்தபோது எதிர்ப்பக்கத்து வரிசைகளில் எல்லோரும் அவரைப் போலவே வாய்மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே வரும் வழியில் டிக்கெட் கவுண்டர் திறந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், "அடுத்த மேட்ச்ல இருந்து ரேட் ஏறியிருக்கு, பரவால்லையா சார்?" என்று கேட்டாள்.

வெண்கலம் ஏதோ சொன்னார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார். ஒண்ணும் கேக்கல."

அவர் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.