கலங்கரை விளக்கில் சூரியனை ஏற்றப்போய்…

இரண்டு வருடங்களுக்கு முன், லேப் டெக்னாலஜி பட்டப்படிப்பின் கடைசித் தேர்வு முடிந்த கையோடு, தர்மபுரியிலிருந்து தோழிகளோடு நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடற்கரைக்குப் போயிருந்தேன். பாலக்கோடு அருகே பிறந்து வளர்ந்த நான் கடலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அங்கே, இப்போது எரியாத பழைய கலங்கரை விளக்கம் ஒன்று இருந்தது. அதன் உச்சிக் கண்ணாடி அறையில் சூரியன் வந்து உட்காரும் நேரம் படமெடுத்தால், விளக்கு மறுபடி எரிவதுபோல் இருக்குமே என்று ஆசை. தோழியின் கேமராவை வாங்கிக்கொண்டு விடியலிலேயே போய் நின்றேன்.

எங்கள் ஊரில் சூரியன் மலையைத் தாண்டி வருவதற்குள் கண் கூசத் தொடங்கிவிடும். கடலிலோ செக்கச்செவேலென்று, வெறும் கண்ணால் பார்க்கும்படி எழுந்தது. அந்தச் சாந்தத்தை நம்பிவிட்டேன். ஜூம் லென்ஸை முழுதாக நீட்டி, கேமராவின் பார்வைத் துளையில் வலது கண்ணை வைத்து, சூரியன் விளக்கின் உச்சிக்கு ஏறும்வரை காத்திருந்தேன். சிவப்பு மஞ்சளானது, மஞ்சள் வெள்ளையானது. கண்ணை எடுக்கவில்லை. "கண்ணு போயிரும்டி, போதும்" என்றாள் தோழி. கிரகணத்தன்று தெருவில் நின்றவர்களையெல்லாம் உள்ளே விரட்டியவள் நான். எனக்கே பாடமா என்று சிரித்தேன்.

படம் நன்றாகத்தான் வந்தது. ஊர் திரும்பும் பஸ்ஸில், வலது கண்ணுக்கு நேரே ஒரு சாம்பல் புள்ளி நின்றது. யார் முகத்தைப் பார்த்தாலும் நடுவில் மூக்கு இல்லை. கண்ணைக் கழுவினேன், தூங்கி எழுந்தேன். புள்ளி போகவில்லை.

அடுத்த வாரம் ஒரு தனியார் லேப்பில் சேர வேண்டும். ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்கிற வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாதச் சம்பளத்துக்குப் போகும் முதல் ஆளும் நானே. அம்மா தான் வேலை செய்யும் தக்காளி மண்டி முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அவரிடம் போய் எப்படிச் சொல்வது?

யாரும் பார்க்காதபோது ஒரு கண்ணை மூடிச் சோதித்துக்கொண்டே இருந்தேன். பாலக்கோடு பஸ் நிலையத்தில் அப்படி ஒரு பஸ்ஸின் பலகையைப் படிக்க முயன்றபோது அம்மா பார்த்துவிட்டார். "ஏன் புள்ள, டவுன் பஸ்ஸுக்கா கண்ணடிக்கிற?" என்றார். அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

அன்றே கண் மருத்துவமனைக்குப் போனோம். இடது கண்ணை மறைத்து, எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். பெரிய எழுத்தின் நடுவில் ஓட்டை. சின்ன எழுத்துகள் இல்லவே இல்லை. தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். சோதித்த பெண் என்னையும் பார்த்தார், பக்கத்தில் நின்ற அம்மாவையும் பார்த்தார். "படிக்கத் தெரியாதுங்களா? பரவால்லங்க" என்று பலகையை மாற்றினார். எழுத்தறியாதவர்களுக்கான பலகை அது. சீப்புப் பல் மாதிரி மூன்று கோடுகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று விரலால் காட்ட வேண்டும்.

"ஐயோ, அவ டிகிரி படிச்சிருக்காளுங்க! எங்க வூட்டுலயே மொதல்ல படிச்சவ!" என்று அம்மா போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. நான் மூன்று விரல்களை நீட்டி, தெரிந்த பக்கத்தைக் காட்டினேன்.

விழித்திரையின் நடுவில் வெந்திருக்கிறது, மருந்து கிடையாது, பலருக்குத் தானாகத் தேறும், சிலருக்குத் தேறாது என்றார் மருத்துவர். சேரவிருந்த லேப்பில் உண்மையைச் சொன்னேன். சரியாகும்வரை பதிவு மேசையில் உட்காரச் சொன்னார்கள். அந்த மாதங்களில் தினமும் விழித்ததும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, தூங்கும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். ஒருநாள் மூக்குத்தி மட்டும் மின்னியது. பிறகு மெல்ல மூக்கும் வந்தது.

இப்போது மைக்ரோஸ்கோப்பில்தான் என் வேலை. நேர்க்கோடு மட்டும் வலது கண்ணுக்கு ஓரிடத்தில் லேசாக வளைந்து தெரிகிறது. அது அப்படியேதான் இருக்குமாம். படித்தவள் என்கிற பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை. அத்தனை வருடப் படிப்பும் கண்ணுக்குள் கடுகளவு இடத்தை நம்பித்தான் நின்றது என்று நினைத்தால் மட்டும், இப்போதும் இடது கண்ணைப் பொத்திப் பார்த்துக்கொள்கிறேன்.