பனிக்குள் நின்ற பச்சைக் கோடு

போன வருஷம் பங்குனி மாதம், இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மன் கோவில் திருவிழா. மேடை லேசரை நான் தனியாக இயக்கிய முதல் நாள் அதுதான்.

எங்களுக்கு ஹட்டனில் சவுண்ட், லைட் வாடகைக்கு விடும் ஒரு கடை இருக்கிறது. என் கணவர் கொழும்பில் ஒருவரிடமிருந்து பழைய லேசர் பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். ஸ்பீக்கர் என்றால் அவருக்கு உயிர். ஆனால் பட்டன்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கொண்டிருக்கும் பொறுமை கிடையாது. அதனால் பெட்டி என் கைக்கு வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கடையின் பின்னறைச் சுவரில் வட்டம், விசிறி, அலை என்று போட்டுப் போட்டுப் பழகினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அது எனக்குப் பிடித்துப்போனது.

பயமும் இருந்தது. லேசர் மற்ற லைட்டுகள் மாதிரி இல்லை. அந்த ஒளி நேராகக் கண்ணில் விழுந்தால் பார்வை போகலாம். அதனால் எப்போதும் ஆட்களின் தலைக்கு மேலேதான் பாய்ச்ச வேண்டும். ஏதாவது பிசகினால் அந்தக் கணமே நிறுத்துவதற்கு ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. இடது கையை அதன் பக்கத்திலேயே வைத்துப் பழகியிருந்தேன்.

திருவிழா அன்றைக்கே கொத்மலையில் ஒரு கல்யாணமும் வந்துவிட்டது. கணவர் அங்கே போயாக வேண்டும்.

"சின்னத் திருவிழாதான். டிரைவர் அண்ணன் சவுண்ட பாத்துக்குவாரு. லேசர நீ பாத்துக்க" என்றார்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

"பயம் இருக்கிறவங்கதான் இதத் தொடணும்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானமே போய்ச் சேர்ந்தோம். கோவிலுக்கு முன்னால் சமதரையாக ஒரு மைதானம், அதில் மேடை. மைதானத்துக்கு அந்தப் பக்கம் தேயிலை மலை செங்குத்தாக ஏறிப்போகிறது. தோட்டத்தின் மேல் பிரிவை மேல் டிவிஷன் என்பார்கள்; அதன் பள்ளிக்கூடம் அந்த மலைக்குப் பின்னால். அங்கேயிருந்து சிறுமிகள் வந்து நடனம் ஆடப்போகிறார்கள், அதற்குத்தான் லேசர் வேண்டும் என்று தோட்டத் தலைவர் சொன்னார். பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் பூசைக்காக முன்னாலேயே இறங்கி வந்துவிட்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் பனி இறங்கியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். லேசர் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் புகை வேண்டும். அன்றைக்குப் புகை மெஷினுக்கு வேலையே இல்லை. மேடைக்கு மேலே ஒரு விசிறியைப் போட்டுப் பார்த்தேன். பச்சைத் துணி விரித்தது போல அந்தரத்தில் மிதந்தது. கூட்டம் கை தட்டியது.

கொஞ்ச நேரத்தில் பனி இன்னும் கனத்துவிட்டது. எதிரே இருந்த மலை போனது, பிறகு மைதானத்தின் அடுத்த ஓரத்தில் நின்ற கொடிக்கம்பமும் போனது. அப்போதுதான் தலைவர் போனும் கையுமாக வந்தார்.

"புள்ளைங்கள ஏத்திக்கிட்டு வர வேண்டிய வேன் பாதியிலேயே நின்னுபோச்சாம். டீச்சர் குறுக்கு வழியில நடத்திக் கூட்டிட்டு வந்திருக்காங்க. இப்ப எங்க நிக்கிறாங்கன்னு அவங்களுக்கே தெரியல" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லும்போது மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகளும் அந்தப் பிள்ளைகளோடு இருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

டீச்சர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இந்த மலைக்கு வந்து சில மாதம்தான். தலைவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஒண்டும் தெரியேல்லை ஐயா. பனிப்புகார் மூடிப்போட்டுது. எல்லாப் பக்கமும் தேயிலைதான். பிள்ளையள் குளிருது எண்டு அழுதுகள்."

"அந்தக் கல்லொடச்ச பள்ளம் அங்கதானே இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். மலையின் நடுவில் முன்பு கல் உடைத்த பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறதாம். வேலி கிடையாது. அதைக் கேட்டதும் மற்றத் தாய்மாரும் எழுந்துவிட்டார்கள்.

தலைவர் போனில், "டீச்சர், ஒரு அடி கூட எடுத்து வைக்காதீங்க. புள்ளைங்கள ஒக்கார வைங்க" என்றார்.

டிரைவர் அண்ணன் மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டார். சத்தம் கேட்கிறதா என்று போனில் கேட்டோம். கேட்கிறது, ஆனால் எல்லாப் பக்கத்தாலும் கேட்கிறது என்றார் டீச்சர். மலைகள் சத்தத்தை வாங்கித் திருப்பித் திருப்பி எறிந்தன. டோர்ச்சோடு மேலே கிளம்பிய ஆட்களும் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டார்கள். எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது, எந்தப் பக்கம் தேடுவது என்று கேட்டார்கள்.

அப்போது ஒரு தகப்பன் என்னிடம் ஓடிவந்தார். "அக்கா, அந்த லைட்ட மலைப் பக்கம் அடிங்க. புள்ளைங்க பாத்து வந்துருங்க."

என் கை லேசர் பட்டன்கள் இருந்த டெஸ்க்குக்குப் போய்விட்டது. போன வேகத்தில் நின்றது. மைதானத்தில் இருப்பவர்களின் தலைக்கு மேலே போகிற கோடு, ஏறிப்போகிற மலையில் நிற்பவர்களுக்கு நேராகக் கண்ணில்தான் படும். அதுவும் பிள்ளைகள் அந்தப் பச்சையைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

"முடியாதுங்க" என்றேன். "கண்ணுல பட்டா பார்வை போயிரும்."

"அப்ப வேற என்னா செய்யச் சொல்றீங்க?"

அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியாமல் பெட்டியைப் பார்த்தேன். பக்கவாட்டில் பாய்ச்ச முடியாது. மேலே பாய்ச்சலாம் அல்லவா? டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டேன். இருவருமாக ஸ்டாண்டிலிருந்து பெட்டியைக் கழற்றி, மேடைக்குப் பின்னால் யாரும் வராத இடத்தில் மல்லாக்க வைத்தோம். விசிறி, அலை எல்லாவற்றையும் நிறுத்தி, வானத்தைப் பார்க்க ஒரே ஒரு கோடு விட்டேன்.

"டீச்சர், பச்சையா ஏதாச்சும் தெரியுதா?" என்று தலைவரின் போனில் கேட்டேன்.

"இல்லை அக்கா. அந்தப் பக்கம் எல்லாம் வெள்ளையாத்தான் கிடக்கு."

வெள்ளையாக இருக்கிறது என்றதும் புரிந்தது. மேடை லைட், கோவில் டியூப் லைட், கடைகளின் பல்புகள் எல்லாம் சேர்ந்து பனியைப் பால் மாதிரி ஆக்கியிருந்தன. அதற்குள் என் கோடு முழுகிப்போயிருந்தது. "எல்லா லைட்டையும் நிப்பாட்டணும்" என்று தலைவரிடம் சொன்னேன்.

அவர் மைக்கை வாங்கினார். "யாரும் பயப்பட வேணாம். புள்ளைங்களுக்காக எல்லா லைட்டையும் அணைக்கிறோம். போனையும் உள்ள வைங்க."

ஒவ்வொரு பக்கமாக இருட்டிக்கொண்டு வந்தது. கச்சான் கடலை விற்கிறவர் தன் தள்ளுவண்டி விளக்கை ஊதி அணைத்தார். கடைசியில் ஐயர் வெளியே வந்து கோவில் கதவைச் சாத்தினார், உள்ளே எரிகிற விளக்கு வெளியே தெரியாதபடி. அவ்வளவு சனம் இருந்த இடத்தில் ஒரு சத்தம் இல்லை. கைக்குழந்தைகள் கூட அடங்கிவிட்டன. மேடைக்குப் பின்னாலிருந்து அந்தப் பச்சைக் கோடு மட்டும் மேலே போய்ப் பனிக்குள் கரைந்தது.

"தெரியுது" என்றது போன். பின்னாலேயே பிள்ளைகளின் குரல்கள். "கொஞ்சமாத் தெரியுது அக்கா, பச்சையா ஒரு கம்பு மாதிரி."

இன்னொன்று எனக்குப் பழக்கத்தில் தெரிந்திருந்தது. லேசர் கோடு நம் பக்கமாகச் சாய்ந்து வரும்போது பிரகாசமாகத் தெரியும், நம்மை விட்டு விலகிப் போகும்போது மங்கிவிடும். கடையில் புகை விட்டுப் பார்த்த நாட்களில் கவனித்தது. அப்படியென்றால், எந்தப் பக்கம் சாய்க்கும்போது அவர்களுக்குப் பிரகாசமாகத் தெரிகிறதோ, அந்தப் பக்கம்தான் அவர்கள். மலை உச்சிக்கும் மேலே போகும்படி, கோட்டைக் கொஞ்சமாகச் சாய்த்து மெதுவாகச் சுழற்றினேன். இடது கை பட்டன் மேல்.

"எப்ப நல்லாத் தெரியுதோ அப்பச் சொல்லுங்க டீச்சர்."

"மங்கிப் போச்சுது... இல்லை... இப்பவும் இல்லை... இப்ப, இப்ப வடிவாத் தெரியுது."

நிறுத்தினேன். தலைவர் அந்தக் கோடு சாய்ந்த பக்கத்தைப் பார்த்தார். "பக்கத்துல பெரிய பாறை ஒன்னு இருக்கா டீச்சர், ரெண்டா பொளந்த மாதிரி?"

"ஓம், அதிலதான் பிள்ளையள் சாஞ்சு இருக்குதுகள்."

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். அந்தப் பாறைக்குக் கீழேதான் பள்ளம்.

கோட்டை மறுபடி நேராக நிமிர்த்தினேன். ஆட்களிடம் தலைவர், "கோடு சாஞ்ச பக்கமா, அதுக்கு நேரா முதுகக் காட்டிக்கிட்டு ஏறுங்க. பள்ளத்த மட்டும் சுத்திப் போங்க" என்றார். போனார்கள். பிறகு காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. யாரோ ஒரு தாய் இருட்டில் என் முதுகில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை.

மேலேயிருந்து ஒரு விசில். அடுத்து ஆட்களின் குரல், பிள்ளைகளின் குரல். குரல்கள் நெருங்கி வந்ததும் சிவப்புப் பட்டனை அழுத்தி லேசரை நிறுத்தினேன். டிரைவர் அண்ணன் எல்லா லைட்டையும் போட்டார். ஜிகினாப் பாவாடை நனைந்து, கண் மை கன்னமெல்லாம் வழிந்து, அந்தச் சிறுமிகள் தேயிலைக்குள்ளிருந்து வரிசையாக இறங்கி வந்தார்கள். தாய்மார் ஒரு பக்கம் ஏசிக்கொண்டே மறு பக்கம் முந்தானையால் தலையைத் துவட்டினார்கள். டீச்சர் கடைசியாக வந்தார். பார்த்தால் அவரே சின்னப் பிள்ளை மாதிரிதான் இருந்தார். என்னிடம் வந்து கையைப் பிடித்தார், சில்லென்று இருந்தது. நான் என் ஸ்வெட்டரைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டேன்.

நடனம் வேண்டாம், பிள்ளைகள் களைத்திருப்பார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் விடவில்லை. சூடாகப் பிளேன்டீயும் ரொட்டியும் கொடுத்து, முகத்தைக் கழுவிவிட்டு மேடையில் ஏற்றினோம். பெட்டியை ஸ்டாண்டில் மாட்டி, பின்னறையில் பழகிய விசிறியையும் அலையையும் அவர்களின் தலைக்கு மேலே விட்டேன். ஒரு சிறுமி ஆடிக்கொண்டே மேலே அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அடவு தப்பியது. யாரும் கவலைப்படவில்லை.

வேனில் திரும்பும்போது கணவர் போன் எடுத்தார். "லேசர் எப்படி, சரியா வந்திச்சா?" என்று கேட்டார். "வந்திச்சுங்க" என்றேன். மிச்சத்தை வீட்டுக்குப் போய்ச் சொல்ல வைத்துக்கொண்டேன்.

இப்போது நுவரெலியாவில் பெரிய ஹோட்டல் கல்யாணங்களுக்கெல்லாம் நான்தான் லேசர் போடுகிறேன். பாட்டுக்கு ஏற்ற மாதிரி எத்தனையோ நிறம், எத்தனையோ வடிவம் பழகிவிட்டேன். ஆனாலும், நீங்கள் போட்டதிலேயே நல்ல ஷோ எது என்று யாராவது கேட்டால், பாட்டும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல், ஒரு தோட்டமே இருட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒரே ஒரு கோட்டை நிமிர்த்திப் பிடித்திருந்த அந்தப் பொழுதைத்தான் சொல்வேன்.