பின்னாலிருந்து பிடிக்க ஒரு கை

இன்னும் கட்டாத வீடுகளைக் கம்ப்யூட்டரில் படமாக வரைந்து கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். "மச்சான் கட்டுற வீட்டுல கூரையும் ஒழுகாது, கதவும் திறக்காது" என்று தங்கை புருஷன் கிண்டலடிப்பான். மனைவி பிரிந்துபோய் வருஷக்கணக்காகிவிட்டது. அடுக்குமாடியில் ஒரு படுக்கையறை வீடு. அந்த அறையில் பாதியை மேசையும் கம்ப்யூட்டரும் பிடித்துக்கொண்டன.

கொஞ்ச நாளாகக் கம்ப்யூட்டர் அடுப்பாய்க் கொதித்தது. பெரிய வீட்டுப் படமாக வரையவிட்டால் பாதியிலேயே பொசுக்கென்று அணைந்துவிடும். தங்கை போனில், "கடையில குடுத்துத் தொலைண்ணா" என்றாள். கடைக்காரன் ஒரு வாரம் கேட்டான். வாரம் முழுக்க அது இல்லாமல் அந்த வீட்டில் என்ன செய்வது? தண்ணீரால் குளிர்விக்கும் சாதனம் ஒன்றை வாங்கிவந்து தானே மாட்ட உட்கார்ந்தார்.

பழைய ஃபேனைக் கழற்றினார். ப்ராசஸர் மேல் காய்ந்துபோயிருந்த பசையைப் பஞ்சால் பக்குவமாகத் துடைத்தார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அடுத்து, ப்ராசஸர் உட்கார்ந்திருக்கும் மதர்போர்டுப் பலகைக்குப் பின்னால் ஒரு தகட்டை வைத்து, முன்னாலிருந்து திருகாணி முடுக்கவேண்டும். முன்னால் கை வைத்தால் பின்னால் தகடு நழுவியது. பெட்டியைச் சாய்த்தார், டேப் ஒட்டினார், முழங்காலால் முட்டுக்கொடுத்தார். தகடு 'டங்'கென்று விழுந்துகொண்டே இருந்தது. வியர்த்துக்கொட்டியது. இவ்வளவு நாளில் இன்னொரு கை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா. லிஃப்ட்டில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. கதவைத் தட்டினார்.

"ஒரு அஞ்சு நிமிஷம்... ஒண்ணு பிடிச்சுக்கணும்."

அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ரப்பர் குழாய்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கரண்ட்டுக்குள்ள தண்ணியா? என்ன சார், வெடிச்சு வைக்காதே?"

"வெடிக்காதும்மா. சூட்டைத் தண்ணி வாங்கிட்டுப் போய் மேல விடும். ஃபேன் ஆத்திடும்."

"அட, நம்ம ரத்த ஓட்டமேதான்!" அந்தம்மா தகட்டை அழுத்திப் பிடித்தார். கொஞ்சமும் ஆடவில்லை. "அடம்பிடிக்கிற ஆளையெல்லாம் பிடிச்சு ஊசி போட்ட கை இது. நீங்க திருகுங்க."

பெட்டிக்கு அந்தப் பக்கம் அந்தம்மா, இந்தப் பக்கம் இவர். நாலு திருகாணியும் ஏறின. புதுப் பசையைப் பட்டாணி அளவு வைத்து, சாதனத்தை அதன்மேல் பொருத்தி, பெட்டியை மூடி, ஸ்விட்சைப் போட்டார். குழாய்க்குள் தண்ணீர் களகளத்து அடங்கியது.

"ஒரு டீ..."

"பொண்ணு போன் பண்ற நேரம் சார். இன்னொரு நாள் பார்க்கலாம்."

கதவு சாத்திக்கொண்டது. அன்று எவ்வளவு பெரிய வீட்டுப் படத்தை வரையவிட்டும் கம்ப்யூட்டர் அசரவில்லை. அவர்தான் வேலை ஓடாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் பலதடவை எதிர்க்கதவு வரை போனார். என்ன சொல்லித் தட்டுவது? சும்மா என்று எப்படிச் சொல்வது? ஒருநாள் உள்ளே அந்தம்மா போனில் சிரிக்கும் சத்தம் கேட்டது. தூக்கிய கையை இறக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஒரு காலையில் படியில் எதிர்ப்பட்டார்கள்.

"பெட்டி எப்படி சார் இருக்கு?"

"ஜம்முனு இருக்கும்மா. சூடே இல்ல."

"அப்ப நல்லது" என்று அந்தம்மா பையோடு இறங்கிப் போனார்.

செருப்புச் சத்தம் தேயும்வரை அவர் அங்கேயே நின்றார். பழுதாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோ என்று இருந்தது.