பூ கொடுத்த பிறகும் வராத கரண்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எழுதினால் சாமியைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். வீட்டுப் பெண்ணின் உடம்புச் சங்கதியை நாலு பேர் அறியச் சொல்வதா என்று கூச்சம். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையில், காட்டுக்கு உள்ளே. எங்களுக்குச் சாமைச் சோறுதான். சாமையை உரலில் போட்டுக் குத்தினால்தான் அரிசி. அது பெண்கள் வேலை. விடியும்முன் எழுந்து, சிம்னி விளக்குப் புகையில் குத்துவார்கள்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு என் மனைவிக்குக் கருப்பை இறங்கிவிட்டது. கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா, "இனிமே ஒலக்கை தூக்கக் கூடாது, தூக்குனா உசுருக்கே ஆபத்து" என்றார்கள்.

"அப்ப சோத்துக்கு இன்னா பண்றது, நீங்க வந்து குத்தறீங்களா?" என்று இவள் கேட்டாள். அந்தம்மா சிரித்துவிட்டார்கள்.

நான் உலக்கையை வாங்கினேன். ஆண் உலக்கை பிடித்தால் நிலம் விளையாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். "ஊரே பாத்துக்கினு நிக்குது, குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். அடிவயிற்றைப் பழைய சேலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு குத்தினாள்.

மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் சனங்கள் இட ஒதுக்கீட்டுக்காகப் போராடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அப்போது மலை ஊர்களுக்கு உதவி செய்கிற ஒரு தொண்டுச் சங்கத்துக்காரர் மலையேறி வந்தார். ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சக்கரத்தைச் சுற்றவிட்டால் கரண்டு வரும், வீட்டுக்கு ஒரு பல்பு எரியும், சாமை குத்தும் மிஷினும் ஓடும் என்றார்.

"பில்லு?" என்று ஒருவர் கேட்டார்.

"தண்ணிக்கு யாருங்க பில்லு போடறாங்க? சக்கரம் கெட்டுப்போனா சரிபண்ண எல்லாரும் கொஞ்சம் போட்டுக்குனா போதும்."

அன்றைக்கு இவள் முகத்தில் வந்த தெளிவை நான் மறக்கவில்லை. "மிஷினு வந்தா இந்த ஒலக்கைய அடுப்புல வெச்சுருவேன்" என்றாள்.

ஆனால் அந்த ஓடை எங்கள் சாமி குளிக்கிற ஓடை. அதைத் திருப்ப வேண்டுமானால் பூக்கேட்க வேண்டும். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் உத்தரவு. சிவப்பு என்றால் இல்லை.

மாசியில் கேட்டோம். சிவப்பு வந்தது.

"தண்ணி எங்கயும் போவாதுங்க, சக்கரத்தச் சுத்திட்டு மறுபடி ஓடைக்கே வந்துரும்" என்று சங்கத்துக்காரர் கெஞ்சினார்.

"அத எங்கிட்ட சொல்லாதீங்க, உள்ள ஒக்காந்துக்கினு இருக்கறவருகிட்ட சொல்லுங்க" என்றார் பூசாரி. ஒருமுறை மறுத்தால் ஆடித் திருவிழா முடிகிறவரை மறுபடி கேட்கக் கூடாது. அது முறை. நானும் அதற்குக் கட்டுப்பட்டவன்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவள் குத்துவதை நிறுத்தவில்லை. "உங்க சாமிக்கு ஒலக்கை புடிக்கத் தெரியுமான்னு கேட்டீங்களா?" என்றாள்.

ஆடி முடிந்து கேட்டோம். வெள்ளைப் பூ. ஊரே கும்பிட்டது. புரட்டாசியில் மிஷின் லாரியில் வருவதாகத் தகவல் வந்தது. சுமந்து ஏற்றுவதற்காக நாங்கள் சிலபேர் இறங்கி, கள்ளக்குறிச்சி ரோட்டில் போய் நின்றோம்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் ரோட்டை மறித்துப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் லாரி. மரத்தின் மேல் வாலிபர்கள்.

"இன்னா லோடு?"

"கரண்டு எடுக்கற மிஷினுங்க, மலைக்கு."

"எங்க வூட்லயே இன்னும் சிம்னிதான் எரியுது, மலைக்கு இன்னா அவசரம்?" என்று ஒருவர் சிரித்தார். இன்னொருவர் கொஞ்சம் வயதானவர். "எங்க புள்ளைங்களுக்குப் படிப்பும் வேலையும் கெடைக்கட்டும் தம்பி, அப்பறம் உங்க மிஷினு போவட்டும். ரோட்டுல நிக்காதீங்க, போலீஸ் வருது" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். டிரைவர் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு சங்கத்துக்காரர் ஒருமுறைதான் வந்தார். மாசியிலேயே வேலை தொடங்கியிருந்தால் முடிந்திருக்கும், இப்போது பணம் கொடுத்தவர்கள் வைத்த கெடு தாண்டிவிட்டது, மிஷினை வேறு மலைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார். தலையைக் குனிந்தபடியே இறங்கிப்போனார்.

அந்த வருஷச் சாமை நன்றாக விளைந்தது. குத்தக் குத்த இவளுக்கு உள்ளே புண்ணாகிக் காய்ச்சல் கண்டது. தூளி கட்டித் தோளில் சுமந்து மலையிறக்கினோம். வழியில், "அடுப்புல சாமை கொதிக்கிது, எறக்குனீங்களா?" என்றாள். ஆஸ்பத்திரியில் நான்கைந்து நாள் இருந்தாள். மறுபடி மலையேறவில்லை.

இன்றைக்கு எங்கள் ஊருக்குக் கம்பி வந்திருக்கிறது. மழைக்காலத்தில் பாதி நாள் கரண்டு இருக்காது. ஓடை வீணாகத்தான் ஓடுகிறது. நான் தினமும் சாமி கும்பிடுகிறேன். ஏன் என்று கேட்கிறேன். பதில் வரவில்லை. இனிமேல் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை.

படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை இன்னொருவருக்குச் சொல்வீர்களானால் சாமி கொன்றது என்று சொல்லாதீர்கள். ரோட்டை மறித்தவர்கள் கொன்றார்கள் என்றும் சொல்லாதீர்கள். கேட்கிறவர் மனம் ஆறட்டும் என்று கடைசியில் நல்லதாக ஏதும் சேர்க்காதீர்கள். அவள் குத்தினாள், மிஷின் வரவில்லை, அவள் போய்விட்டாள். இதை இப்படியே சொல்லுங்கள்.